ஸ்டெப்னி கச்சேரி

மைக்கில் வெங்காய வாடை அடித்தது. வெங்காயத்துக்கு அடியில் சிகரெட், சிகரெட்டுக்கு அடியில் இன்னும் ஏதோ ஒன்று, யாரோ ஒருவருடைய சொத்தைப் பல்லாக இருக்கலாம். இந்த விஷயத்தில் என் மூக்கு பொய் சொல்லாது. பல் மருத்துவமனையில், டாக்டர் துளை போடும்போது பக்கத்தில் நின்று நோயாளியின் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் பகலில் என் வேலை. அங்கேயாவது கையுறை உண்டு, முகமூடி உண்டு. சாயங்காலம் பாட வந்த இடத்திலும் அடுத்தவன் எச்சில்தான் என்றால் இது என்ன ஜென்மமோ என்றிருந்தது. மைக்கின் கம்பி வலையில் யாருடையதோ உதட்டுச்சாயம் காய்ந்து ஒட்டியிருந்தது. சட்டை முனையால் துடைத்தேன். அதன் பிறகு சட்டையையும் பிடிக்கவில்லை.

“கொஞ்சம் கிட்ட வா,” என்றது என் காலடியில் இருந்த பெட்டி.

பெட்டிக்குள்ளிருந்து பேசியது என் அண்ணன். அரங்கின் கடைசியில், சின்ன விளக்கு ஒன்று எரிய, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். இந்த அரங்கில் அவன்தான் சவுண்டு. அவன் கைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மைக் உண்டு. அதன் பொத்தானை அமுக்கினால் அவன் பேசுவது மேடையில் இருக்கிறவர்களுக்கு மட்டும், இந்தக் காலடி ஸ்பீக்கர் பெட்டிகள் வழியாகக் கேட்கும். பேசி முடித்ததும் மறுபடி அமுக்கி அணைக்க வேண்டும்.

“இதுக்கு மேல கிட்ட வந்தா வாந்தி வந்துரும். கழுவவே மாட்டியா இதையெல்லாம்?”

“நாத்தத்தைப் பாக்காத. கிட்ட வா.”

நான் ஒரு சாண் தள்ளியே நின்று பாடிக் காட்டினேன். எப்போதும் அப்படித்தான். அவனும் எப்போதும் போல ஒன்றும் சொல்லாமல் எதையோ திருகினான்.

முன்பு டயர் கிடங்காக இருந்த இடம் இது. சுவருக்குக் கறுப்பு அடித்து, மூலையில் ஒரு மேடையைக் கட்டி, அரங்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரப்பர் வாடை மட்டும் போகவில்லை. மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறை என்று ஒன்று இருந்தது. அதில் இருந்த தொட்டியில் முந்தைய நாள் யாரோ வாந்தி எடுத்து, அரைகுறையாகத் தண்ணீர் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கிட்டார் பெட்டியைக் கீழே வைக்க மனமில்லாமல் நாற்காலி மேல் வைத்தேன். நாற்காலியும் பிசுபிசுத்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து, “நீங்கதானே ‘பெயிண்ட் ஈரம்’? இன்னும் காயலையா?” என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். எட்டு வருஷமாக இதே நகைச்சுவை. நாங்கள் முதன்முதலில் பயிற்சி எடுத்த அறையின் சுவரில் அந்த எழுத்தோடு ஓர் அட்டை தொங்கியது, அதையே பேண்டுக்குப் பெயராக வைத்தோம். இவ்வளவு பேர் இதே கேள்வியைக் கேட்பார்கள் என்று தெரிந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்போம்.

நாங்கள் மூன்று பேர். பாட்டும் கிட்டாரும் நான். பேஸ் கிட்டார் வாசிப்பவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறாள், அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். டிரம்ஸ்காரனுக்கு ‘மெதுவா’ என்று பெயர். அவனைப் பார்த்து நாங்கள் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான், கடைசியில் அதுவே ஒட்டிக்கொண்டது. அன்று பாட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை. ‘தூரத்து உறவு’ என்று ஒரு பேண்டு. அவர்களுடைய பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேனேஜர் அண்ணனிடம் “உன் தங்கச்சி சும்மாத்தானே இருக்கு?” என்று கேட்டாராம். அண்ணன் அதை ஓர் எழுத்துகூடக் குறையாமல் என்னிடம் ஒப்பித்தான். தேன் தடவிப் பேசுகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

அவன் காதை நான் நம்புவது போல வேறு யார் காதையும் நம்பியதில்லை. ஒரே அறையில் வளர்ந்தோம். பாட்டு ஓடும்போது அவன் முகத்தைப் பார்த்துத்தான் அது நல்ல பாட்டா இல்லையா என்று நான் முடிவு செய்வேன். அப்படிப்பட்டவன் எங்கள் பாட்டைப் பற்றி எட்டு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிட்ட வா, தள்ளிப் போ, ஸ்ட்ரிங்கை மாத்து, அவ்வளவுதான். டீச்சருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் கிளம்புகிறாள். புதிதாக ஆளைத் தேடுவதா, இத்தோடு கடையைக் கட்டுவதா என்று நான்தான் சொல்ல வேண்டும். இந்த முறை அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் தேடுவது, வராவிட்டால் கிட்டாரைத் தூக்கிப் பரண்மேல் போடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். முப்பத்தைந்து வயதில் அண்ணன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேனே என்று என் மேலேயே எனக்குக் கடுப்பு.

டீச்சரும் மெதுவாவும் டீ குடிக்கப் போனார்கள். நான் டிரம்ஸுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, காலில் இடறிய வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மேடை ஓரத்துப் பெட்டி இருமியது.

“சரி மச்சி, ஸ்டெப்னி சொல்லு.”

அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேடை விளக்குகளை இயக்கும் லைட்காரரின் குரல். அண்ணன் பொத்தானை அணைக்க மறந்துவிட்டான். நான் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

ஸ்டெப்னி என்பது மாற்று டயரின் பெயரில் அவர்கள் இருவரும் வருஷக்கணக்காக ஆடும் ஆட்டம். உன் கனவுக் கச்சேரிக்கு நீ ஆசைப்பட்டுக் கூப்பிட்ட பெரிய பேண்டுகள் எல்லாம் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டன. ஒருத்தருக்குத் தொண்டை, ஒருத்தருக்கு விவாகரத்து, இன்னொருவருடைய வேன் பாதி வழியில் நின்றுவிட்டது. டிக்கெட் விற்றாகிவிட்டது. இப்போது யாரைக் கூப்பிடுவாய்? முதல் சாய்ஸ் சொல்வது ஊருக்குப் பெருமையடிக்க, ஸ்டெப்னியைச் சொன்னால்தான் ஆளின் லட்சணம் தெரியும் என்பது லைட்காரரின் கட்சி. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே ஆடியிருக்கிறார்கள். தட்டைக் கழுவிக்கொண்டே நானும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். எத்தனையோ ஓட்டை உடைசல் பேண்டுகள் அவன் வாயில் வந்திருக்கின்றன. எங்கள் பெயர் வந்ததில்லை.

“கடைசியா ‘நாய் ஜாக்கிரதை’,” என்றான் அண்ணன்.

“அவனுங்களா? டியூன் பண்றதுக்கே பாதி நேரம் போயிரும்.”

“போகட்டும். அவங்க டியூன் பண்றதே நல்லாருக்கும். அதுக்கு முன்னாடி ‘லிஃப்ட் வேலை செய்யவில்லை’. அதுல அந்தக் கீபோர்டு அக்கா மட்டும் போதும், மத்தவங்க வீட்லயே இருக்கட்டும்.”

“சரி, யாரை வச்சு ஆரம்பிக்கப் போற? ஏன் மச்சி, தங்கச்சியப் போடேன். இன்னைக்கு நிஜமாவே ஸ்டெப்னியாத்தானே வந்திருக்கு.”

லைட்காரர் அசிங்கமாகச் சிரித்தார். அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அண்ணன் சிரிக்கவில்லை. டேப்பைக் கிழிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அவளுக்கு ஸ்டெப்னியா இருக்கத்தான்டா பிடிக்கும்.”

“என்னடா சொல்ற?”

“யாராவது வராம போய் அந்த எடத்துல இவளக் கூப்பிட்டா சந்தோஷமா வருவா. யாரும் எதிர்பாக்க மாட்டாங்கல்ல. ஒவ்வொரு பாட்டையும் மன்னிப்புக் கேக்குற மாதிரி பாடுவா. எட்டு வருஷமா சொல்றேன், மைக் கிட்ட வா, கிட்ட வான்னு. நாத்தம்னு சொல்லுவா, எச்சில்னு சொல்லுவா. அதெல்லாம் சும்மா. தப்பிச்சு ஓட எடம் வச்சுக்கிட்டுத்தான் பாடுவா.”

“பாட்டு எப்டி?”

“யாருக்குத் தெரியும்? பாடினாத்தானே.”

நாற்காலி நகரும் சத்தம். லைட்காரர் எழுந்து போனார்.

சீ என்று வந்தது எனக்கு. ஒரு வயிற்றில் பிறந்தவன், தெருவில் போகிறவனிடம் பல்லைக் காட்டுவது போல என்னைத் திறந்து காட்டிவிட்டான். நேரே நடந்துபோய் அவன் டீயில் துப்ப வேண்டும் போலிருந்தது. ஒப்பனை அறைக்குப் போனேன். அண்ணன் வந்து “தூரத்து உறவு வரலையாம்” என்று சொன்ன அந்த நொடியில் எனக்குள் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது. நமக்காக ஒருவரும் வரப்போவதில்லை, அதனால் ஒருவரும் ஏமாறப்போவதில்லை. அந்த அப்பாடாவைத்தான் எட்டு வருஷமாக அடக்கம் என்று பெயர் வைத்து வளர்த்திருக்கிறேன். அதன் வாடை இப்போதுதான் எனக்கே அடித்தது. எத்தனை பேருடைய வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே அழுகியதைப் பார்த்திருக்கிறேன், என் வாயை நான் பார்க்கவில்லை.

டீச்சர் வந்து, “என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்றாள்.

“இந்த ரூம் நாறுது,” என்றேன்.

பொத்தான் இன்னும் அணையவில்லை என்று அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், ஒரு கையசைப்பு போதும். மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

நிகழ்ச்சி ஆரம்பித்தபோது அரங்கு பாதிகூட நிரம்பவில்லை. மேனேஜர் மேடையேறி, “தவிர்க்க முடியாத காரணத்தால ‘தூரத்து உறவு’ இன்னைக்கு வரல. அவங்களுக்குப் பதிலா...” என்று இழுத்து எங்கள் பெயரைச் சொன்னார். கூட்டம் ஊ என்றது. முன்வரிசையில் ஒருவன் எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, அதற்குப் பிறகு செல்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இரண்டு பேர் கதவைப் பார்த்து நடந்தார்கள். லைட்காரர் எங்கள் மேல் ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டார், மஞ்சள் காமாலை கண்டவர்களைப் போல நின்றோம்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒரு சிரிப்பு சிரிப்பேன். “ஸாரிங்க, நாங்க கடைசி நேரத்துல வந்தவங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க,” என்பேன். கூட்டமும் பாவம் பார்த்துக் கை தட்டும். அந்த ஸாரி முடிந்ததும் ‘மெதுவா’ தன் குச்சியைத் தூக்குவான். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணும் பழக்கமே எங்களுக்கு இல்லை. எங்களுக்கு எண்ணிக்கை அந்த ஸாரிதான். அதுவரை இது எங்களுக்கே தெரியாது.

நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். ‘மெதுவா’ தன் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான். டீச்சரும் என்னையே பார்த்தாள். கூட்டத்தில் யாரோ “காயட்டும், காயட்டும்!” என்று கத்தினார்கள். சிரிப்பு. வாய்வரை வந்த ஸாரியை விழுங்கினேன். அது கசந்தது.

திரும்பி, “அடி,” என்றேன்.

“மெதுவாவா?”

“ஓங்கி அடி.”

அவன் ஒரு கணம் விழித்துவிட்டு அடித்தான். டீச்சரின் பேஸ் தரை வழியாக உள்ளங்காலில் ஏறியது. பாட வேண்டிய இடம் வர இன்னும் நான்கு சுற்று இருந்தது. மைக்கைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் அதன் கம்பி வலை ஈரமாக மினுங்கியது. மேனேஜர் பேசும்போது தெறித்த எச்சில். வெங்காயம், சிகரெட், உதட்டுச்சாயம், இப்போது அவருடைய இரவுச் சாப்பாடும். மூச்சை அடக்கிக்கொண்டு, பின்னால் எடுத்து வைக்கப் பார்த்த காலைத் தரையில் அழுத்திக்கொண்டு, ஒரு சாண் தூரத்தைக் கடந்து அதன் மேல் வாயை வைத்தேன். சில்லென்றிருந்தது. கம்பி உதட்டில் அழுந்தியது, பல்லில் இடித்தது. அப்படியே பாடினேன்.

என் குரல் கறுப்புச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. எனக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. கேட்க அழகாக இல்லை, உப்புத்தாள் தேய்ப்பது போலிருந்தது. முன்வரிசைக்காரன் தலையைத் தூக்கினான்.

“டேய், என்னடா இது, கிட்ட வந்துருச்சு,” என்று காலடிப் பெட்டியில் லைட்காரரின் குரல் கேட்டது.

பாட்டின் இடுக்கில், பெட்டிக்குள் அண்ணனின் மூச்சு மட்டும் வந்து போனது. அதன் பிறகு ‘டக்’ என்று பொத்தான் அணையும் சத்தம், பெட்டியில் அந்த மூச்சும் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அரங்கின் கடைசியில், அந்தச் சின்ன விளக்கின் வெளிச்சத்தில், அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். விரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த வரிக்காக, வெங்காய வாடையை நெஞ்சு நிறைய இழுத்தேன்.