இரவல் மூக்கு

எனக்கு மூக்கு செத்துப்போய் இரண்டு வருடமாகிறது. ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது வாசனையைக் கையோடு கொண்டுபோய்விட்டது. உப்பு, புளிப்பு, உறைப்பு நாக்குக்குத் தெரியும். பால் கெட்டதும் பாத்திரம் கருகியதும் தெரியாது. இந்த லட்சணத்தில், நாற்பத்து மூன்று வயதில், கம்யூனிட்டி காலேஜில் சமையல் படிக்கப் போனேன் என்றால் அந்தத் தைரியம் என்னோடு அதே வகுப்பில் சேர்ந்த என் தங்கச்சி கொடுத்தது.

"நான் பக்கத்து அடுப்புலதானே நிக்கப் போறேன்? நீ சமை, நான் மோந்து பாத்துச் சொல்றேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

ஒரு வருடம் அப்படியே ஓடியது. அவள் கண்ணைக் காட்டுவாள், நான் அடுப்பைக் குறைப்பேன். வெட்டுவதிலும் சாஸ் காய்ச்சுவதிலும் வகுப்பில் நான்தான் முதல், அவள் இரண்டாவது. "இவங்க கையப் பாத்துக் கத்துக்குங்கப்பா" என்று மாஸ்டர் ஒருநாள் சொன்னபோது எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் அவள்தான். பாவி, அதை நான் நம்பித் தொலைத்தேன்.

கடைசித் தேர்வில் முதலாவதாக வருகிறவருக்குப் பெரிய ஓட்டல் ஒன்றில் வேலை. ஒரே ஒரு இடம். புருஷனை விட்டு வந்து ஒன்பது வருடமாக அண்ணன் வீட்டு ஹாலில் படுத்து எழுகிறவள் நான். எனக்கென்று ஒரு கதவு, ஒரு சாவி வேண்டும். அந்த வேலை கிடைத்தால் அது நடக்கும்.

தேர்வன்று மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து வெள்ளை சாஸைக் கிண்டினேன். கரண்டிக்கு அடியில் ஏதோ இடறியது. நாக்கில் வைத்தேன், உப்பு சரியாக இருந்தது.

"அடி பிடிச்சிருச்சாடி?" என்று மெல்லக் கேட்டேன்.

தங்கச்சி குனிந்து, நிதானமாக மோந்தாள். "இல்லக்கா. கம்முனு மணக்குது. ஊத்து."

இருபத்தைந்து நிமிடம் பாக்கி இருந்தது. புதிதாகவே காய்ச்சியிருக்கலாம். ஊற்றினேன். மற்றவர்கள் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். என் கைத்திறனைப் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து வேறு நின்றேன், கூறுகெட்டவள்.

மாஸ்டர் தட்டருகே குனிந்தார், சடக்கென்று நிமிர்ந்தார். ஸ்பூனைத் தொடவேயில்லை.

"என்னம்மா இது? கருகல் நாத்தம் வாசல் வரைக்கும் வருது! மூக்க வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் தங்கச்சியிடம் திரும்பினார். "நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் மாஸ்டர். அவதான் கேக்கல."

தரையைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். என்னைப் பார்த்தே சொன்னாள்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால், ஒரு வருடமாக ஏமாற்றிப் பாஸானவள் என்று அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டால் ஆறு மாதம் கழித்து மறுதேர்வாவது மிஞ்சும். இது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"அப்படியாம்மா?" என்றார் மாஸ்டர்.

"ஆமா மாஸ்டர்" என்றேன். "அவ சொன்னா. நான்தான் கேக்கல."