யார் தப்பும் இல்லாத விவாகரத்து

பாத்திரம் கழுவும்போதெல்லாம் லோர்னா தன் புருஷன் மெர்ல் செய்த குற்றங்களைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். படுக்கைக்கு மேலே பாடம் செய்த எல்க் மானின் தலையை மாட்டினான். தூண்டில் புழுவை ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தான். அவள் தங்கை கல்யாணத்தன்று வேட்டைக்குப் போனான். நீதிபதி ஒரு வார்த்தை கேட்டால் போதும், கொட்டித் தீர்த்துவிடுவாள்.

கோர்ட் குமாஸ்தா அதில் மண்ணைப் போட்டாள். "நம்ம மொன்டானா மாநிலத்துல யார் தப்புன்னு கேக்கறதே இல்லம்மா. இந்தக் கல்யாணம் இனிமே ஒட்டாதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து மனு போட்டாப் போதும்."

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அருமையான சட்டம்," என்றான் மெர்ல், பேனாவைத் தேடிக்கொண்டே.

விசாரணை நாளன்று இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள். நீதிபதி கெஸ்லர் அம்மாள் முன்னால் மெர்ல் லோர்னாவின் கோட்டைக் கழற்ற உதவினான். கோணலாய்க் கிடந்த அவன் டையை அவள் சரிசெய்தாள்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா? பிரிஞ்சு இருந்தா கேக்க வேண்டியதில்ல, சேர்ந்து இருக்கறதால உங்களுக்குள்ள பெரிய மனஸ்தாபம் இருக்குன்னு எனக்குத் தெரியணும். இருக்கா?"

லோர்னாவின் அத்தனை ஒத்திகையும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. "இருக்குங்க," என்று முனகினாள்.

அவள் திணறுவதைப் பார்த்து மெர்ல் உதவிக்கு வந்தான். "எல்லாம் என் தப்புதாங்க. ஒரு எல்க் தலை மாட்டினேன். அதுவும் சும்மா இல்ல, இந்த ஜில்லாவுலயே அவ்வளவு பெரிய கொம்பு..."

"கொம்பப் பத்தி யாருடா கேட்டா?" லோர்னா எழுந்துவிட்டாள். "அது கண்ணப் பாத்துக்கிட்டே நான் எப்படித் தூங்குவேன்?"

"கண்ணு கண்ணாடிடீ!"

"அந்தக் கண்ணாடியாவது என்னப் பாத்துச்சு. நீ பாத்தியா?"

மெர்ல் உட்கார்ந்துவிட்டான்.

"மனஸ்தாபம் இருக்கு," என்று நீதிபதி மெல்லச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றே மெர்ல் அவளைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. வழியில் ஒரு ஹோட்டலில் மெர்ல் வண்டியை நிறுத்தினான். அவள் கேட்காமலே ஹக்கிள்பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் இரண்டு கொண்டுவரச் சொன்னான்.

"எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது," என்றாள் லோர்னா.

"இருபத்தாறு வருஷமா தின்னியே!"

"நீ வாங்கிக் குடுத்த, தின்னேன்."

மெர்ல் மெனு அட்டையை அவள் பக்கம் தள்ளினான். அவள் அவசரப்படாமல் மேலிருந்து கீழ்வரை படித்தாள். அவனும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் எலுமிச்சை 'பை' சொன்னாள்.

அது ரொம்பப் புளித்தது. அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. ஒரு துணுக்குகூட விடாமல் தின்று முடித்தாள்.