உச்சி வெயிலில் படுத்துக்கொள்ளும் பேனல்

முட்டை பொரிக்கும் பெட்டியின் முகப்பில் சிவப்பு எண்கள் முப்பத்தாறு டிகிரி என்று காட்டின. முப்பத்தேழுக்குக் கீழே இறங்கவே கூடாது. தங்கை சுடுதண்ணீர் பாட்டில்களைப் போர்வைக்குள் செருகி, பெட்டியைச் சுற்றி அணை கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள். நாளைக்குள் ஓடு உடைய வேண்டும். அவளுடைய பொரிப்பகத்தின் முதல் ஈடு அது.

"ஒரு நிமிஷம் திறந்து பாக்கட்டுமா அக்கா?"

"கடைசி மூணு நாள் திறந்தா ஈரம் போயிடும், குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும்னு நீதானே எனக்குப் பாடம் எடுத்தே. கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு."

மூலையில் பேட்டரி கீச்சிட்டது. தங்கையின் கணவன் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மின்கம்பி இன்னும் இந்தக் கட்டடம்வரை வந்து சேரவில்லை. மாடியிலிருக்கும் பத்து சோலார் பேனல்களும் இந்தப் பேட்டரியும்தான் எல்லாம். பத்தும் அக்கா வேலை செய்யும் கிடங்கிலிருந்து வந்தவை. பெரிய வெட்டவெளிகளில் இருபது வருடம் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்த பேனல்களைக் கழற்றிக் கொண்டுவருவார்கள். அவள் சோதிப்பாள். தேறினால் விற்பனைக்கு, தேறாவிட்டால் அரவை இயந்திரத்துக்கு. இந்தப் பத்தையும் தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

"வெளிய வெயில் பளீர்னு அடிக்குது, இங்க மீட்டர்ல முட்டை. பொரிக்கிற முட்டை வேற, இது வேற அண்ணி," என்றான் அவன். "நேத்தும் இதே கதை. காலையில ஜம்முனு ஓடும். உச்சிக்கு வந்ததும் படுத்துக்கும். நீங்க சாயங்காலம் வந்து பார்த்து, எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளைன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

"நல்லாத்தானே இருந்துச்சு."

"அதான் சொல்றேன். நான் வேனுக்குச் சொல்லிட்டேன். டவுன் பொரிப்பகத்துல இடம் தர்றாங்க. இப்ப வந்துடும்."

தங்கை நிமிர்ந்தாள். "இந்த ரோட்டுலயா? இந்தக் குளிருலயா? பாதி முட்டை வழியிலயே போயிடுமே."

"இங்கயே வெச்சிருந்தா மொத்தமும் போயிடும். உங்க அக்கா பேச்சைக் கேட்டு வாங்கினோம் பாரு."

அக்கா ஏணியில் ஏறினாள். மாடியில் காற்று குளிர்ந்தது. ஆனால் கருங்கண்ணாடியில் கை வைத்ததும் வெடுக்கென்று எடுக்க வேண்டியிருந்தது. அடுப்பில் வைத்த கல் மாதிரி இருந்தது. கிடங்கில் ஒருநாளும் இந்தச் சூட்டை அவள் தொட்டதில்லை. அங்கே பேனல்கள் நிழலில், குளிர்ந்து கிடக்கும். கேமரா பிளாஷ் மாதிரி ஒரே ஒரு வெளிச்சம். கண் சிமிட்டுவதற்குள் திரையில் அதன் பலம் தெரிந்துவிடும். அடுத்தது. அதற்கடுத்தது. எந்தப் பேனலையும் யாரும் வெயிலில் போட்டு அரைநாள் காத்திருந்ததில்லை.

அவள் கையை ஊதிக்கொண்டே யோசித்தாள். காலையில் ஓடுகிறது, சூடேறினால் நிற்கிறது, மாலையில் குளிர்ந்ததும் மறுபடி ஓடுகிறது. ஏதோ ஒரு பேனலுக்குள் ஈயம் வைத்துக் கம்பியைப் பற்ற வைத்த இடம் விட்டுப்போயிருக்கிறது. சூட்டில் விலகிக்கொள்கிறது, குளிர்ந்தால் ஒட்டிக்கொள்கிறது. பத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒன்று அறுந்தால் பத்தும் செத்த மாதிரிதான்.

"மாப்பிள்ளை, ரெண்டு பெட்ஷீட்டும் ஒரு வாளித் தண்ணியும் கொண்டாங்க. நல்லாப் பிழிஞ்சு கொண்டாங்க. பச்சைத் தண்ணியை அப்படியே ஊத்தினா கண்ணாடி விரிசல் விட்டுடும்."

"துணி காயப்போடுற நேரமா இது?"

"கொண்டாங்களேன். அவளை மீட்டர்கிட்ட நிக்கச் சொல்லுங்க."

முதல் இரண்டு பேனல்கள் மேல் ஈரத் துணியை விரித்தார்கள். ஆவி எழுந்தது. காத்திருந்து, கண்ணாடி குளிர்ந்ததும் துணியை எடுத்தார்கள். கீழே ஜன்னலிலிருந்து தங்கையின் குரல் வந்தது: "இல்ல."

அடுத்த இரண்டு. "இல்ல. முப்பத்தஞ்சரை அக்கா."

அவன் துணியைப் பிழிந்துகொண்டே பேசினான். பயந்தால் அவனுக்கு வாய் நிற்காது. "கண்ணாடியை உருக்கி, மணலை உருக்கி, அவ்வளவு கரியை எரிச்சுத்தான் இந்தப் பலகையைச் செய்றாங்க. எரிச்சதையாவது இது திருப்பிக் குடுத்துச்சா? இல்ல அதுக்கும் நாமதான் மாரடிக்கணுமா?"

"அதை முதல் ரெண்டு மூணு வருஷத்துலயே குடுத்து முடிச்சாச்சு. அப்புறம் பதினேழு பதினெட்டு வருஷம் சும்மா குடுத்திருக்கு. வருஷத்துக்கு நூத்துக்கு அரை தேயும், அவ்வளவுதான். அந்த இடத்துல இன்னும் பெரிசா புதுசு போடணும்னு கழட்டினாங்க. செத்துப்போய் கழட்டலை."

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் சாகுது?"

"சாகலை. பேனல் தேயுறதை நான் பார்த்தேன். பத்த வெச்ச இடம் விடுறதைப் பார்க்கலை. என் தப்பு." சொல்லும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை. "அந்தத் துணியை இழுங்க."

ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் துணியை மாற்றினார்கள். கீழேயிருந்து மறுபடியும் "இல்ல" என்றே வந்தது.

வேன் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி மேலே அண்ணாந்து பார்த்தான். "என்னண்ணே, வெள்ளையடிக்கிறீங்களா? சீக்கிரம் ஏத்துங்க, எனக்கு இன்னொரு டிரிப் இருக்கு."

தங்கையின் கணவன் ஏணியை நோக்கி நடந்தான். "போதும் அண்ணி. நான் ஏத்துறேன்."

"இன்னும் நாலு இருக்கு."

"முப்பத்தஞ்சு இருக்கு கீழ. அதைக் கேட்டீங்களா?"

ஜன்னலிலிருந்து தங்கை சொன்னாள், சத்தமாக இல்லை: "ஏத்தாதீங்க. அக்கா முடிக்கட்டும்."

அவன் ஏணியின் மேல்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான். பிறகு திரும்பி வந்து துணியின் மறுமுனையைப் பிடித்தான்.

ஏழும் எட்டும். ஆவி அடங்கியது. கீழே ஓசையே இல்லை. எட்டாவதன் துணியை இன்னொரு முறை நனைத்துப் பிழிந்து போட்டாள். காற்று துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டது. பிறகு அதை உருவி எடுத்தாள்.

"வந்துடுச்சு," என்றாள் தங்கை. "அக்கா, மீட்டர் ஏறுது."

அவன் எட்டாவதன் அடியில் கை விட்டு இணைப்பைப் பிடித்தான்.

"விடுங்க," என்று அவள் அவன் மணிக்கட்டைப் பற்றினாள். "ஓடிட்டு இருக்கும்போது உருவினா நெருப்பு பாயும். கீழ மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்க முதல்ல."

அணைத்ததும் குனிந்து பார்த்தாள். பேனலின் முதுகில், வயர்கள் வந்து சேரும் கருப்புப் பெட்டியில் ஒரு இடம் பழுப்பாகக் கருகியிருந்தது. இரண்டு நாளாக உள்ளே தீப்பொறி விழுந்துகொண்டிருந்திருக்கிறது, முட்டைகளுக்கு நேர் மேலே. எட்டைக் கழற்றி, பையிலிருந்த நீள வயரால் ஏழையும் ஒன்பதையும் கோத்தாள்.

"போடச் சொல்லுங்க."

மீட்டர் ஏறியது. நிற்கவில்லை. பத்துக்கு ஒன்பது. போதும். வெயில் இறங்குவதற்குள் பேட்டரியை நிரப்ப முடிந்தால் போதும்.

டிரைவர் இன்னொரு டிரிப்பை மறந்துவிட்டு வாசலிலேயே நின்றான். தங்கை பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்திருந்தாள். முப்பத்தஞ்சரை. நெடுநேரம் கழித்து முப்பத்தாறு. அக்கா கிடங்குக்குப் போன் செய்தாள். அதே வெட்டவெளியிலிருந்து வந்த மற்ற பேனல்கள் லாரியில் ஏறக் காத்திருந்தன.

"அதை நிறுத்துங்க சார். ஒண்ணுவிடாம வெயில்ல போட்டு ஒரு நாள் பார்க்கணும்."

"ஒரு நாளா? அவ்வளவையும் விரிக்க இடத்துக்கு எங்கம்மா போறது?"

"என் தங்கச்சி மொட்டை மாடி இருக்கு," என்றாள். தங்கையின் கணவன் திரும்பி அவளை முறைத்தான். முறைத்ததில் முழுக்கோபம் இல்லை.

அந்தி சாயும்வரை மீட்டர் படுக்கவில்லை. பேட்டரி கீச்சிடுவதை நிறுத்தியிருந்தது. முப்பத்தேழு. நடுத்தட்டில் ஒரு முட்டையின் மேல் நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டிருந்தது. எப்போது விட்டதென்று யாருக்கும் தெரியவில்லை. விரிசலுக்குள் எதுவும் அசையவில்லை. நான்கு பேரும் ஒரே கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ மூச்சை அடக்கியதில் இன்னொருவரின் மூச்சு கேட்டது.

"போயிடுச்சா?" என்றான் தங்கையின் கணவன்.

தங்கை அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். ஓட்டின் ஒரு துணுக்கு மெதுவாக வெளியே தள்ளப்பட்டது. திரும்பவும் தள்ளப்பட்டது. உள்ளிருந்து ஈரமான ஒரு அலகு, மிகவும் களைத்துப்போய், வெளியே வந்து ஓய்வெடுத்தது.