உட்கார வைத்துப் போட வேண்டிய குறி

விளக்குக்கு வால் முளைத்திருக்கிறது என்று சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் வேன் ஓட்டுகிறவள். ஆலைக்கு முதல் ஷிஃப்ட் ஆட்களை விடிவதற்கு முன்னால் கொண்டுபோய் விடுவது என் வேலை. என் வாயைப் பார்த்து அவர்கள் வைத்த பேர் ஹாரன். வலது கண்ணில் புரை விழுந்து, எதிரே வரும் வண்டியெல்லாம் பனிக்குள் வருவது மாதிரி ஆனதும் நானேதான் ஆபரேஷனுக்குக் கிளம்பினேன். என் விழியின் வளைவு கோணலாம், அதற்குச் சாதா லென்ஸ் போதாதாம். வளைவைச் சரிக்கட்டுகிற லென்ஸை உள்ளே சரியான கோணத்தில் திருப்பி வைத்துவிட்டால் கண்ணாடியே வேண்டாம் என்றார் டாக்டர். என் மகனும் தலையாட்டினான். அவனுக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே கண்ணாடிக் கடை. கண் விஷயத்தில் அவன் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது.

ஆபரேஷன் முடிந்தது. பனி போனது. ஆனால் எந்த விளக்கைப் பார்த்தாலும் அதிலிருந்து ஒரு கோடு சாய்வாக இழுத்துக்கொண்டு போனது. எனக்குப் பதிலாக ஓட்டிய டிரைவர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து போனேன். எதிரே வந்த பைக் இரண்டாகத் தெரிந்தது. எது நிஜம் என்று நான் யோசிப்பதற்குள் அது எங்களைக் கடந்துவிட்டது. திரும்பக் கேட்டு வாங்கலாம் என்றிருந்த வேன் சாவியை அவனிடமே விட்டுவிட்டு இறங்கினேன். பின்னால் அத்தனை பேரை உட்கார வைத்துக்கொண்டு கண்ணாமூச்சி ஆட முடியுமா?

டாக்டரிடம் போனால் எழுத்துப் பலகையைக் காட்டுவார்கள். கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து, எப்படியோ படித்துவிடுவேன்.

"பிரமாதமா படிக்கிறீங்களேம்மா."

"விளக்குல வால் தெரியுது டாக்டர்."

"பழகிடும். மூளை ஏத்துக்கணும்."

போகும்போதெல்லாம் என் மூளை மேலேயே பழி. வீட்டுக்கு வந்தால் மருமகள், "அத்தை, நீங்க சும்மா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்க" என்பாள். மகன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவான். ஒரு கண்ணாடி செய்து தந்தான். கண்ணாடியே வேண்டாம் என்று வைத்த லென்ஸுக்கு மேலே ஒரு கண்ணாடி! போட்டுப் பார்த்தேன். வால் கொஞ்சம் குட்டையானது, ஆனால் ரோடு சாய்ந்தது. கழற்றி வீசினேன்.

அடுத்த தடவை பெரிய டாக்டர் ஊரில் இல்லை. சின்ன டாக்டரம்மா இருந்தாள். கண்ணின் பாப்பா விரிகிற சொட்டு மருந்தை ஊற்றி, காத்திருக்க வைத்து, பொறுமையாகப் பார்த்தாள். அதுவரை எனக்கு யாரும் அந்த மருந்தை ஊற்றிப் பார்க்கவே இல்லை.

"லென்ஸ் விளிம்புல சின்னப் புள்ளிங்க இருக்கும்மா. அது நிக்கவேண்டிய கோணத்துல நிக்கல. அதான் வால் தெரியுது."

"அப்ப என் மூளை?"

"மூளைக்கு ஒண்ணுமில்ல." கொஞ்சம் தயங்கினாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி, லென்ஸ எந்தக் கோணத்துல வைக்கணும்னு கண்ணுல பேனாவால குறி போட்டாங்கள்ல? அப்ப உட்கார்ந்திருந்தீங்களா, படுத்திருந்தீங்களா?"

"படுத்திருந்தேன்."

படுத்தால் விழி லேசாகச் சுழலும், சிலருக்கு அதிகமாகவே சுழலும், அதனால்தான் உட்கார வைத்துக் குறி போட வேண்டும் என்றாள். லென்ஸை இப்போதே திருப்பி வைத்துவிடலாம், நாளானால் ஒட்டிக்கொள்ளும் என்றும் சொன்னாள்.

எனக்கு அந்தக் காலை அப்படியே ஞாபகம் வந்தது. நான் தள்ளுகட்டிலில் படுத்திருக்கிறேன். "எழுப்பி உட்கார வைக்கட்டுமா டாக்டர்?" என்று நர்ஸ் கேட்கிறாள். "நேரமில்ல, அப்படியே போடு" என்கிறார் அவர். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மகனின் பிடி இறுகுகிறது. பிள்ளை எனக்காகப் பயப்படுகிறான் என்று அன்றைக்கு உருகிப்போனேன்.

நேரே கடைக்குப் போனேன். ஒரு ஃபிரேமுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"படுக்க வெச்சுக் குறி போடக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமாடா?"

ஸ்க்ரூவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்மா."

"ஏன் வாயத் திறக்கல?"

"அவர் எவ்வளவு பெரிய டாக்டர். எல்லார் முன்னாடியும் எப்படிம்மா..."

"சரி, அப்புறம்? நான் பைத்தியக்காரி மாதிரி வால் வால்னு கத்திக்கிட்டு இருந்தப்ப?"

அவன் அடுத்த ஸ்க்ரூவை எடுத்தான். டாக்டர் அவசரக்காரர், அந்நியர். இவன் என் வீட்டில் உட்கார்ந்து, நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, என்னைப் பொய்க்காரியாக்கி வேடிக்கை பார்த்தவன்.

பெரிய டாக்டர் திரும்பி வந்ததும் அவனையும் இழுத்துக்கொண்டு போனேன். "டாக்டர், என் மகன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றேன்.

"சொல்லுப்பா."

அவன் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல டாக்டர். லென்ஸ திருப்பி வெச்சா எத்தனை நாள்ல வண்டி ஓட்டலாம்னு அம்மா கேக்குறாங்க."

நானே சொன்னேன். வெளியே காத்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். ஹாரன் என்று சும்மாவா பேர் வைத்தார்கள்.

இந்தத் தடவை உட்கார்ந்து, நேரே சுவரைப் பார்த்துக் குறி போட்டுக்கொண்டேன். லென்ஸைத் திருப்பி வைத்தார்கள். வால் போய்விட்டது. சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வருகிற பைக் ஒன்றாகவே வருகிறது.

இடது கண்ணிலும் இப்போது புரை. ஆபரேஷனுக்குத் துணைக்கு யார் வருவது என்று நேற்று மருமகள் கேட்டாள்.

"நானே வரேம்மா" என்றான் மகன், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"நீ வந்து என்னடா பண்ணுவே?" என்று கேட்டேன். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.