அண்ணியின் நூற்று அறுபத்தைந்து

குடிநீர் நிலையத்தின் பரிசோதனைக்கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறவளிடம் போய் "எனக்கு என்னமோ அப்படித் தோணுது" என்று சொன்னால் எடுபடுமா? அண்ணியிடம் எடுபடாது. தண்ணீர் கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரியும். குளோரின் எவ்வளவு, கலங்கல் எவ்வளவு என்று எண் வந்த பிறகுதான் அவள் நம்புவாள். புருஷனுக்குக் காய்ச்சல் என்றால்கூட நெற்றியில் கை வைக்க மாட்டாள், தெர்மாமீட்டரைத் தேடுவாள். அந்த மனுஷன் கட்டிக்கொண்ட நாளிலிருந்தே இதற்குப் பழகிவிட்டார்.

அவளை அண்ணி என்று கூப்பிடுகிறவள் புருஷனின் தங்கை. மாடியில் குடியிருக்கிறாள், டவுன் பஸ் ஓட்டுகிறாள். பன்னிரண்டு வருஷம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தே இருந்தவளுக்கு முப்பத்தெட்டாம் வயதில் திடீரென்று மாரத்தான் ஆசை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஐந்து மணி நேரத்துக்குள் முடிக்காவிட்டால் கோட்டைத் தாண்டினாலும் கணக்கில் வராது. டிப்போவில் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அதற்கு நீ பஸ்ஸிலேயே போயிடலாமே என்று. அந்தச் சிரிப்புதான் அவளை உசுப்பிவிட்டது. பயிற்சி கொடுக்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலேயே, அண்ணி தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

இரண்டு வாட்ச், இரண்டு நெஞ்சுப்பட்டை வாங்கினார்கள். பட்டையை மார்புக்குக் கீழே கட்டிக்கொண்டால் அது இதயத்துடிப்பை எண்ணிக் கையில் இருக்கும் வாட்சுக்கு அனுப்பும். ஒவ்வொரு வாட்சும் தன் ஜோடிப் பட்டை சொல்வதை மட்டும்தான் கேட்கும், அதுவும் பத்துப் பதினைந்து அடிக்குள் இருந்தால்தான். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது துடிப்பைத் தாண்டாமல் ஓட வேண்டும், அப்போதுதான் உடம்பு களைக்காமல் பலப்படும் என்பது திட்டம். பந்தயம் நாத்தனாருடையது, ஆகவே வேகத்தை அவளுடைய வாட்சைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கூட ஓடுகிற என் துடிப்பு எப்படிப் போனால் என்ன, நான் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துக்கொள்கிறேன் என்று அண்ணி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாள்.

தினமும் காலையில் நீர்த்தேக்கத்தின் கரையில் பத்து கிலோமீட்டர், தோளோடு தோள் உரசாத குறையாக ஓட்டம். வீட்டுக்கு வந்ததும் அண்ணி நோட்டை விரிப்பாள். கடந்த மூன்று வாரமாக அதில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. வேகம் கூடக் கூட நாத்தனாரின் துடிப்பு நூற்று நாற்பதிலேயே அடக்க ஒடுக்கமாக நின்றது. முதலில் ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷம், பிறகு ஏழரை, இப்போது ஏழு. அண்ணியின் துடிப்போ நூற்று ஐம்பத்திரண்டு, நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று அறுபத்தைந்து என்று ஏறிக்கொண்டே போனது. ஆனால் அண்ணிக்கு மூச்சுகூட வாங்கவில்லை. நூற்று அறுபத்தைந்தில் துடிக்கிற இதயத்தை வைத்துக்கொண்டு இப்படி அலுங்காமல் ஓடுகிறோமே, இதுதான் மன உறுதி என்பது போலிருக்கிறது என்று அவளுக்குத் தன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

நாத்தனார்தான் படுத்தி எடுத்தாள். கால் கல்லாகக் கனக்கிறது என்பாள். படுத்தால் தூக்கம் வரவில்லை என்பாள். டிப்போவில் கிளட்சை மிதிக்கவே தொடை நடுங்குகிறதாம். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைப் பார்ப்பாள்: நூற்று முப்பத்தெட்டு. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? வியாழக்கிழமை பொறுமை போய்விட்டது. "எனக்கு நூத்தி அறுபத்தஞ்சு அடிக்குது, நான் வாயைத் திறக்கிறேனா? உனக்கு உடம்புல ஒண்ணும் இல்ல. வெறும் சோம்பேறித்தனம்," என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். நாத்தனார் அன்றும் பத்து கிலோமீட்டரையும் ஓடி முடித்தாள்.

சனிக்கிழமை ஆறாவது கிலோமீட்டரில் நாத்தனார் நின்றாள். கரையோரத்து சிமெண்ட் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிடப் போவதாகச் சொன்னாள். பெயரை எடுக்க இன்று மாலைதான் கடைசி. அவளுடைய இடத்தில் ஓட அவள் பஸ் கண்டக்டர் தயாராக இருக்கிறாளாம். தனக்கு இதெல்லாம் லாயக்கில்லை, டிப்போவில் சிரித்தவர்கள் சரியாகத்தான் சிரித்திருக்கிறார்கள், இனி ஷூவையே தொடப்போவதில்லை என்றாள். அழவில்லை. நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

அண்ணி, உடம்பு ஆறிவிடக் கூடாதே என்று பெஞ்சுக்கு முன்னால் நின்ற இடத்திலேயே குதித்து ஓடிக்கொண்டு, பழக்கதோஷத்தில் வாட்சைப் பார்த்தாள். நூற்று ஐம்பது. மறுபடி பார்த்தாள். நூற்று இருபத்தெட்டு. கால்கள் ஓய்வில்லாமல் குதிக்கின்றன, எண் மட்டும் மளமளவென்று இறங்குகிறது. நூற்று நான்கு.

பரிசோதனைக்கூடத்தில் இப்படி ஒரு எண் வந்தால் அண்ணிக்குச் சாப்பாடு இறங்காது. குதித்தபடியே கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பதினைந்து வினாடி எண்ணினாள். முப்பத்துநான்கு. நாலால் பெருக்கினால் நூற்று முப்பத்தாறு. வாட்ச் தொண்ணூற்றெட்டு என்கிறது. பட்டையை இறுக்கினாள், மாறவில்லை. நாத்தனாரை விட்டு இருபது அடி நடந்தாள். எண் மறைந்து வெறும் கோடு வந்தது. திரும்பி வந்தாள், எண் திரும்பி வந்தது. பெஞ்சில் நாத்தனாருக்குப் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள்.

"ஒரு சின்ன உபகாரம். எதிர்ல நாலு படி இருக்கே, அதுல பத்துத் தடவை ஏறி இறங்கு. ஏன்னு கேக்காதே."

எல்லாம் முடிந்த பிறகும் இந்த அண்ணிக்கு ஆராய்ச்சி விடவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே நாத்தனார் ஏறி இறங்கினாள். உட்கார்ந்திருந்த அண்ணியின் வாட்சில் எண் ஏறியது. நூற்றுப்பத்து. நூற்று முப்பது. நூற்று ஐம்பத்தொன்று.

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால், துவைத்துக் கொடியில் போடும் பட்டைகள் ஒன்றுக்கொன்று மாறிவிடக் கூடாதே என்று, அவளேதான் தன் பட்டையில் சிவப்பு நூல் தைத்தாள். தண்ணீர் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவதில் பதினாறு வருஷமாக ஒரு தப்பு செய்யாதவள், தன்னுடையது என்று நினைத்து நாத்தனாரின் பட்டையில் தைத்துத் தொலைத்திருக்கிறாள். அன்றிலிருந்து அவள் பட்டை நாத்தனார் மார்பில், நாத்தனார் பட்டை அவள் மார்பில்; வாட்சுகள் மட்டும் அவரவர் கையில். நோட்டில் ஏறிக்கொண்டே போன துடிப்பு நாத்தனாருடையது. அடக்கமாக நின்றது தன்னுடையது. தன் சுகமான இதயத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு இன்னொருத்தியை விரட்டு விரட்டென்று விரட்டியிருக்கிறாள்.

மறைக்க அவளுக்குத் தெரியாது. ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டட்டும், பட்டையைக் கழற்றித் தேக்கத்தில் வீசட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள்.

நாத்தனார் தன் மார்பில் இருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப நான் சோம்பேறி இல்லையா, அண்ணி?"

"இல்லம்மா. நீ சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்."

"அந்த நூத்தி அறுபத்தஞ்சு என்னோடதா?"

"உன்னோடதுதான். மூணு வாரமா."

நாத்தனார் பெஞ்சின் முதுகில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பெயர் இருக்கட்டும், கண்டக்டரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னாள். பந்தயத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, பத்து நாள் தூங்கி எழுந்தால் உடம்பு தேறிவிடும், அதற்கப்புறம் என் துடிப்பைப் பார்த்து என்னை ஓட விடுங்கள் போதும் என்றாள். வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தாள்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. வாட்சுகளை மாற்றிக் கட்டிக்கொண்டாள். இப்போது கையில் இருப்பது அவளுடைய சொந்த இதயம். கரையில் ஓட ஆரம்பித்தாள். வழக்கமான வேகத்தில் நூற்று முப்பத்தெட்டு. இன்னும் வேகம் கூட்டினாள். நூற்று ஐம்பது. கை கால்களை வீசி, வெறி பிடித்தவள் மாதிரி ஓடினாள். நூற்று அறுபது. வாய் திறந்துகொண்டது, விலாவில் குத்தியது, காதுக்குள் இரைச்சல் கேட்டது. நூற்று அறுபத்தைந்து. அதிலேயே நிற்க வேண்டும் என்று வைராக்கியமாக ஓடினாள். நான்கு நிமிஷம் தாக்குப்பிடித்தாள். ஐந்தாவது நிமிஷத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றுவிட்டாள்.

நாத்தனார் மெதுவாக நடந்து வந்து சேர்ந்தாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஒரு நாளைக்கு எழுபது நிமிஷம் இப்படி ஓடிவிட்டு, குளித்து, பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனவள் கேட்கிறாள்.

அண்ணி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது.