கீழ்வீட்டு முழங்கால்

குணவதி தன் முழங்காலில் தேய்த்த ஜெல், கீழ்வீட்டு ஜெசிந்தாவின் முழங்காலைக் குணப்படுத்திக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவே மாடியேறி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மருந்துக்கடைக்காரர் ஆச்சரியப்படவில்லை. தோல் வழியாக இறங்குகிற மருந்து, எங்கே போய் நிற்க வேண்டும் என்று கம்பெனி எதுவும் சொல்லவில்லை என்றார்.

"போய்ச் சேந்திருச்சில்லம்மா? அப்ப நல்ல மருந்துதான்."

குணவதிக்கு வயிறு எரிந்தது. வலி இவளுக்கு, நடை அவளுக்கா? அதுவும் போயும் போயும் ஜெசிந்தாவுக்கு. தொட்டித் தண்ணீரையெல்லாம் கீழ்வீட்டுக்காரிதான் காலி செய்கிறாள் என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லிவைத்தவள் குணவதி. உண்மையில் ஒழுகிக்கொண்டிருந்தது குணவதி வீட்டுக் குழாய். அது அவளுக்கும் குழாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

அன்றே ட்யூபை மூடி அரிசி டின்னுக்குள் புதைத்தாள். தன் முழங்கால் எப்படியும் வலிக்கத்தான் போகிறது, இனி இரண்டு பேருக்கும் வலிக்கட்டும் என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள். சோறு மட்டும் வலியே இல்லாமல் வெந்திருந்தது.

கீழே நடமாட்டம் குறைந்தது. பிறகு நின்றுபோனது.

ஒருநாள் யாரோ கதவைத் தட்டினார்கள். ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலிக்கிறவர்கள் ஏறும்போது படிக்கட்டு கூடுதலாக ஒரு மாடி வளர்ந்துகொள்ளும். அந்தக் குடியிருப்பில் அப்படித்தான். அதையும் ஏறித்தான் வந்திருந்தாள். குணவதி இடுப்பில் கைவைத்துச் சண்டைக்குத் தயாரானாள்.

"மருந்து வரலக்கா," என்றாள் ஜெசிந்தா. "உங்களுக்கு உடம்புக்கு ஏதாச்சும் ஆயிருச்சோன்னு பயந்துட்டேன். அதான் பாக்க வந்தேன்."

குணவதிக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. இடுப்பில் இருந்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவளைப் பற்றியா அப்படிச் சொல்லித் திரிந்தோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அது சூடாக முகத்தில் ஏறியது. ஆனால் அங்கே தங்கவில்லை. தோலுக்குள் புகுந்து, கால் வழியாக இறங்கி, வாசற்படியைத் தாண்டிப் போனது.

ஜெசிந்தாவின் முகம் சிவந்தது. பிறகு கழுத்தும் சிவந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னன்னு தெரியலக்கா, எனக்கே ரொம்ப அசிங்கமா இருக்கு. நான்தான் ஏதோ தப்பு பண்ணிருக்கேன் போல. மன்னிச்சுக்கங்க."

அது என்னுடையது என்று சொல்லக் குணவதி வாயெடுத்தாள். உள்ளே குழாய் ஒழுகுகிற சத்தம் இருவருக்கும் கேட்டது.

"பரவாயில்ல, போ," என்றாள் குணவதி.

ஜெசிந்தா இன்னும் கொஞ்சம் சிவந்தாள்.