மணமகள் அறை நூலகம்

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதி, முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடம். மணமேடையில் வார்டன் ஜெகதாம்பாள் கட்டில் போட்டிருந்தார். பவ்யாவுக்குக் கிடைத்தது மணமகள் அறை. சுற்றிலும் கண்ணாடி, ஒரு பெரிய ஜன்னல், அதனடியில் அவளுடைய நாவல்கள். அந்த ஜன்னலுக்காகவே விடுதிச் சாம்பாரைப் பொறுத்துக்கொண்டாள்.

கல்லூரியில் நூலகம் கிடையாது. கல்லூரி அங்கீகாரத்துக்கான ஆய்வுக் குழு வரும் நாளன்று காலையில் வார்டன் வந்தார். "கட்டில மொட்டமாடிக்கு ஏத்திடும்மா. இன்னிக்கு மட்டும் உன் ரூம்தான் லைப்ரரி. நீ உக்காந்து படிச்சுகினு இரு, போதும்."

"என் புக்கெல்லாம்?"

"புக்கு இல்லாத லைப்ரரி எங்கனா கீதா?"

ஒரு நாள்தானே என்று பவ்யா உட்கார்ந்தாள். படிப்பதுபோல் நடிக்கத்தான் நினைத்தாள். மூன்றாம் பக்கத்திலேயே மூழ்கிவிட்டாள். குழு வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. தலைவர் நெகிழ்ந்துபோனார். "இப்படி ஒரு நூலகத்தை நான் பார்த்ததில்லை. இனி அடிக்கடி வருவேன்" என்றார். கூட வந்த கல்லூரி முதல்வரின் முகம் வெளுத்தது.

மாலையில் பவ்யா கட்டிலை இறக்கிக்கொண்டு வந்தபோது, பூட்டிய கதவில் 'அமைதி காக்கவும்' என்று பலகை தொங்கியது.

"உன்ன யாரு அவ்ளோ நல்லா படிக்கச் சொன்னது?" என்றார் வார்டன். "சாப்பாட்டு ஹால்ல, கை கழுவற தொட்டியாண்ட போட்டுக்கோ, காத்து வரும். புக்கு வேணும்னா நாளைக்கு ஐடி கார்டு எடுத்துகினு வா."